உரிமையாளரும் விருந்தாளியும்

சென்ற ஆண்டு மே மாதம் ஆண்டுத் தியானத்திற்காகக் கொடைக்கானல் சென்றிருந்தோம். தியானம் நிறைவுற்ற மறுநாட்காலை, நம் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் நம்மைச் சிற்றுண்டிக்கு அழைத்திருந்தார். அவரும் அவர்தம் துணைவியாரும் பேரக்குழந்தைகள் இருவரோடு அங்குள்ள ஒரு ரிசார்ட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தனர். ஆண்டுக்கு ஏழு நாள் தங்கும் உரிமையை 25 ஆண்டுகளுக்கு அவர் விலைகொடுத்து வாங்கியிருந்தார். பணி ஓய்வின்போது கைக்கு வந்த தொகையில் ஒரு பகுதி அதற்குச் சென்றது. டைம்ஷேர் என்று உலகெங்கும் வழங்கும் இம்முறையைக் காலப்பங்கு என்று நாம் தமிழில் சொல்லலாம்.

வாங்குமுன் அவர் நம்மிடம் கருத்துக் கேட்டதுண்டு. குடும்பம் கூடி இளைப்பாறுவது நல்லதுதானே என்று சொல்லி ஆசி வழங்கினோம். ஒப்பந்தத்தை முழுவதும் வாசித்தீர்களா என்று நாம் கேட்கவில்லை. இக்குறையை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுவது நல்லது.

உணவுக்கூடத்தின் வாயிலில் பணியாளர் ஒருவர் கையில் பட்டியலோடு நின்றார். அறை எண்ணைக் கேட்டு, பட்டியலைப் பார்த்து, "உறுப்பினரா ஐயா? அப்படியானால் ஆளுக்கு இவ்வளவு" என்று ஒரு தொகையைச் சொன்னார். எமக்கு முன்னே சென்ற குடும்பத்தாரிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் முந்தின நாள் மாலை வந்திறங்கியவர்கள். இரண்டு இரவுகளுக்கு வாடகை கொடுத்துத் தங்குபவர்கள். அவர்களுக்குக் காலை உணவு உண்டு. நாள்தோறும் அறை துப்புரவு உண்டு, தேயிலைப் பொட்டலமும் தண்ணீர்ப் புட்டியும் உண்டு. உறுப்பினரான ஆசிரியருக்கோ ஒருநாள் விட்டு ஒருநாள்தான் துப்புரவு. உணவுக்குத் தனி விலை.

ஆசிரியர் மேலாளரை அழைத்தார். வந்தவர் இளைஞர்; பணிவுள்ளவர். "ஐயா, அவர்கள் கொடுக்கும் அறை வாடகையிலேயே காலை உணவு சேர்ந்திருக்கிறது. உறுப்பினருக்குத் தங்குமிடம் மட்டுமே. ஒப்பந்தத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது" என்றார்.

"தம்பி, இடத்தின் உரிமையாளர் ஆகுங்கள் என்று சொல்லித்தானே எனக்கு விற்றீர்கள்? நேற்று வந்தவருக்கு இட்லி சும்மா, உரிமையாளனுக்கு விலையா?" என்று கேட்டார் ஆசிரியர். குரல் சற்று உயர்ந்தது. பக்கத்து மேசையினர் திரும்பிப் பார்த்தனர். நாம் நம் சட்டைப்பையைத் தொட்டோம். அவர் நம் கையைப் பிடித்துத் தடுத்தார். பணம் அவருக்குப் பெரிதன்று. தாம் சிறியவராக்கப்பட்டதாக அவர் உணர்ந்தார், அதுதான் காயம்.

அன்று முதல் இக்கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. காலப்பங்கு வாங்கியவருக்கும் அன்றாட வாடகைக்கு வருபவருக்கும் ஒரே சலுகைகள் கிடைக்க வேண்டுமா? இது வசதியுள்ளோர் வழக்கு, நமக்கெதற்கு என்று ஒதுக்கத் தோன்றும். ஆயினும் நீதியின் இலக்கணம் சிறிய பொருளிலும் பெரிய பொருளிலும் ஒன்றே.

முதலில் மேலாளரின் பக்கத்தைப் பார்ப்போம். இம்முறை 1960-களில் பிரான்சு நாட்டின் ஆல்ப்ஸ் மலைச்சாரலில் தோன்றியது என்பர். ஆண்டில் ஒரு வாரம் மட்டும் தேவைப்படும் ஒருவர் ஏன் முழு வீட்டையும் வாங்க வேண்டும்? ஒரு வீட்டின் ஆண்டைப் பல வாரங்களாகப் பிரித்துப் பலர்க்கு விற்றால் யாவருக்கும் எளிதாகுமே! பின்னர் 1974-இல் அமெரிக்காவில், ஓரிடத்து வாரத்தைக் கொடுத்து வேறிடத்து வாரத்தைப் பெறும் பரிமாற்ற நிறுவனம் தோன்றியது. 1980-களில் பெரிய ஓட்டல் நிறுவனங்களும் இத்தொழிலில் இறங்கின. நம் நாட்டிற்கும் இது வந்தது. கொடைக்கானலும் உதகையும் இந்நாட்டில் இதனை முன்னதாகவே கண்ட ஊர்கள்.

ஓட்டல் விருந்தாளி ஒவ்வோர் இரவுக்கும் கொடுக்கும் வாடகையில் படுக்கை விரிப்பவரின் கூலியும் அடங்கும். சட்னி அரைப்பவரின் கூலியும் அடங்கும். காலப்பங்குக்காரர் வாங்கியிருப்பது கூரையும் கட்டிலும், பெரும்பாலும் ஒரு சிறு சமையலறையும் கொண்ட இருப்பிடத்தின் ஏழு நாட்களை. கட்டடத்தைப் பேணுவதற்கு அவர் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் செலுத்துகிறார். நாள்தோறும் துப்புரவும் காலை உணவும் எல்லா உறுப்பினருக்கும் இலவசம் என்று நாளையே அறிவித்தால், அதற்கான செலவு மறு ஆண்டின் பராமரிப்புக் கட்டணத்தில் வந்து உட்காரும். தம் கையால் உப்புமா கிண்டிப் பேரக்குழந்தைகளுக்குக் கொடுக்கும் பாட்டியும், தாம் உண்ணாத இட்லிக்கு விலை கொடுக்க நேரும். அன்று காலை உணவுக்கூடத்திலிருந்து திரும்பிய பின் ஆசிரியரின் துணைவியார் நமக்குக் கிண்டிக் கொடுத்தது உப்புமாதான், சுவையாகவே இருந்தது.

அமெரிக்காவின் புளோரிடாவில் டிஸ்னி நிறுவனம் 1991 முதல் இத்தகைய உறுப்பினர் விடுதிகளை நடத்தி வருகிறது. அங்கும் இதே வேறுபாடு உண்டு. தம் புள்ளிகளைக் கொண்டு ஒரு வாரம் தங்கும் உறுப்பினருக்கு நான்காம் நாளில் குப்பையை அகற்றித் துண்டுகளை மாற்றித் தருவர். அதற்குமேல் வேண்டின் தனிக் கட்டணம். அதே கட்டடத்தில் வாடகை கொடுத்துத் தங்குவோருக்குத் துப்புரவு அடிக்கடி நடைபெறும். ஆனால், பூங்காக்களுக்குள் மற்றவர்க்கு அரைமணி நேரம் முன்னதாக நுழையும் வாய்ப்பு 2021 முதல் அவ்விடுதிகளில் தங்கும் இரு சாராருக்கும் ஒன்றுபோல் வழங்கப்படுகிறது. செலவு பிடிக்கும் பணியில் வேற்றுமையும் இடத்தில் தங்குவதால் வரும் நன்மையில் ஒற்றுமையும் வைத்திருக்கிறார்கள். முன்கூட்டியே தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தால் இதில் அநீதி இல்லை.

அப்படியானால் ஆசிரியரின் சினம் வீணானதா? இல்லை. அவருடைய நியாயம் உணவுக்கூடத்தில் தொடங்கவில்லை, விற்பனைக்கூடத்தில் தொடங்குகிறது.

அவருக்கு இது எப்படி விற்கப்பட்டது என்பதைப் பின்னர்க் கேட்டறிந்தோம். தம்பதியராக வாருங்கள், பரிசு உண்டு என்று ஒரு தொலைபேசி அழைப்பு. நகரத்து ஓட்டலில் ஒரு மாலை விருந்து. மூன்று மணி நேரம் இனிய பேச்சு, வண்ணப் படங்கள். இன்றே கையொப்பமிட்டால் தள்ளுபடி, நாளை இல்லை. உரிமையாளர் என்ற சொல் அன்று மாலை எத்தனை முறை ஒலித்தது என்று அவராலேயே எண்ண முடியவில்லை. ஒப்பந்தத்தில் அச்சொல் ஓரிடத்திலும் இல்லை. பயன்படுத்தும் உரிமை என்றே இருந்தது. நாற்பது ஆண்டுகள் மாணவரின் விடைத்தாளை வரிவரியாகத் திருத்தியவர், தம் வாழ்நாள் சேமிப்பைப் பற்றிய தாளை வரிவரியாக வாசிக்கவில்லை.

குருமடத்தில் நாம் பயின்ற அறநெறி இறையியலில் புனித தோமா அக்குவினாஸ் இதனை ஆய்ந்திருக்கிறார். தமது இறையியல் சுருக்கத்தின் இரண்டாம் பகுதியில், வாங்கல் விற்றல் பற்றிய 77-ஆம் வினாவில், விற்பவர் தம் பொருளின் குறையைச் சொல்லக் கடமைப்பட்டவரா என்று அவர் கேட்கிறார். கண்ணுக்குத் தெரியும் குறையை எடுத்துச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. மறைந்திருந்து வாங்குபவருக்கு இழப்பு விளைக்கும் குறையைச் சொல்லாமல் விற்பது நீதிக்கு மாறானது என்பது அவர்தம் முடிவு. குதிரைச் சந்தைக்கும் தானியக் கடைக்கும் எழுதப்பட்ட அந்நெறி, நட்சத்திர ஓட்டலின் விற்பனை விருந்துக்கும் பொருந்தும். நாட்டுச் சட்டங்களும் இத்தொழிலில் மனித வலுவின்மையைக் கண்டுகொண்டன. ஐரோப்பிய ஒன்றியம் 1994-இல் பிறப்பித்த நெறியாணை, காலப்பங்கு ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர் 10 நாட்களுக்குள் காரணம் கூறாமலே விலகலாம் என்றது. 2008-இல் அது 14 நாட்களாயிற்று. விருந்தின் மயக்கம் தெளிய மனிதருக்குச் சில நாட்கள் வேண்டும் என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் உணர்ந்திருந்தனர்.

இனி, நம் எளிய தீர்ப்பைச் சொல்வோம். வாக்களிக்கப்பட்டது எதுவோ, அது எழுத்தாயினும் விற்பவரின் வாய்ச்சொல்லாயினும், உறுப்பினருக்குக் கிடைத்தாக வேண்டும். வெந்நீர், பாதுகாப்பு, நீச்சல் குளம், தோட்டம், முறையீட்டைக் கேட்கும் செவி ஆகியவை அவ்விடத்தில் தங்கும் யாவருக்கும் பொது. அவற்றில் பேதம் கூடாது. உணவு, அன்றாடத் துப்புரவு போன்றவை விலையோடு வருபவை; அவற்றில் வேறுபாடு இருக்கலாம், ஆனால் வாங்கும் நாளிலேயே சொல்லப்பட்டிருக்க வேண்டும். உறுப்பினருக்கென ஒதுக்கிய அறையை மிகுந்த வாடகைக்குப் பிறருக்குக் கொடுத்துவிட்டு, உறுப்பினரிடம் இடமில்லை என்று சொல்வது எங்கு நடந்தாலும் அது திருட்டுக்கு நெருங்கிய உறவு. இறுதியாக, முகம். அதற்கு ஒப்பந்தம் தேவையில்லை. வள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்து, முகம் சற்றே மாறினாலும் விருந்தினர் வாடிவிடுவர் என்று அனிச்ச மலரை நினைவூட்டி முடிக்கிறார். பட்டியலைப் பார்த்து முகத்தை மாற்றிக்கொள்ளும் வாயிற்காவலர் எவருக்கும் அது பாடம்.

இவ்விடத்தில் நம்மைப் போன்ற மறையுரையாளருக்கு ஒரு சோதனை உண்டு. திராட்சைத் தோட்ட வேலையாட்களின் உவமையை எடுத்து, கடைசியில் வந்தவருக்கும் ஒரே கூலிதானே, நீர் ஏன் முணுமுணுக்கிறீர் என்று ஆசிரியரை அடக்கிவிடலாம். அது உவமைக்குச் செய்யும் அநீதி. அந்நிலக்கிழார் முதலில் வந்தவர்களுக்குப் பேசிய தெனாரியத்தை ஒரு காசு குறையாமல் கொடுத்தார். அதன் பிறகே கடைசியில் வந்தவரிடம் தாராளம் காட்டினார். தம் பணத்தைக் கொடுத்தார், பிறர் பணத்தையன்று. நீதியின் கணக்கைத் தீர்க்காத வணிகர் இவ்வுவமையின் பின்னால் ஒளிந்துகொள்ள இயலாது.

ஆசிரியருக்கு உண்மையாகவே பொருந்தும் பகுதி லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரம். யூபிலி ஆண்டில் நிலம் முதல் உரிமையாளரிடமே திரும்பிவிடும் ஆதலால், இடைப்பட்ட காலத்தில் விற்கப்படுவது நிலமன்று. அறுவடைகளின் எண்ணிக்கையே என்று அங்குக் காண்கிறோம். மீதமுள்ள ஆண்டுகள் மிகுந்தால் விலை மிகும், குறைந்தால் குறையும், இவ்வணிகத்தில் ஒருவரையொருவர் ஏமாற்றக் கூடாது. காலப்பங்கின் இலக்கணத்தை இதைவிடத் தெளிவாக எந்த விற்பனையாளரும் சொன்னதில்லை! அதற்கான காரணமும் அதே அதிகாரத்தில் உண்டு. நிலம் ஆண்டவருடையது, இஸ்ரயேலர் அவரிடத்தில் தங்கியிருக்கும் அன்னியரும் விருந்தாளிகளுமே. ஆக, உரிமையாளர் என்று தம்மை எண்ணியிருந்த அனைவரும் ஒருவரின் வீட்டு விருந்தினரே.

இதை நாம் ஆசிரியரிடம் அவ்விருப்பிடத்தின் திண்ணையில் அமர்ந்து விளக்கிக் கொண்டிருந்தோம். பனி விலகி ஏரி தெரியத் தொடங்கியிருந்தது. நம் விளக்கம் நமக்கே நிறைவாயிருந்தது. அப்போது பாத்திரம் கழுவிக் கொண்டிருந்த ஆசிரியரின் துணைவியார் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "சாமி, தப்பா நினைக்காதீங்க. அந்த ஜார்க்கண்ட் பையனை அடக்கம் செய்தப்போ நாம இதைத்தானே கேட்டோம், நீங்க உறுப்பினரா, வெளியாளான்னு?" என்றார்.

நாம் பேச்சிழந்தோம். ஆசிரியர் ஏரியைப் பார்த்தார்.

நிகழ்ந்தது இதுதான். நம் பங்கின் எல்லையில் கட்டட வேலைக்கு வந்திருந்த ஜார்க்கண்ட் இளைஞர் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து இறந்தார். கத்தோலிக்கர், ஞாயிறுதோறும் தோழர்களோடு கோவிலின் பின்வரிசையில் நிற்பவர். உடலை ஊருக்குக் கொண்டுசெல்ல வழியில்லாமல் இங்கேயே அடக்கம் செய்யக் கேட்டார்கள். நம் கல்லறைத் தோட்டம் சிறியது. பங்கு மக்கள் தலைக்கட்டு வரி கொடுத்துச் சுற்றுச்சுவர் எழுப்பிய இடம். பங்குப் பேரவை கூடியது. வரி கட்டாதவருக்கு எப்படி இடம் கொடுப்பது, வெளியாட்களுக்கென்று ஒரு கட்டணம் வேண்டாமா என்று எழுந்து பேசியவர் இதே ஆசிரியர். அமைதி கருதி நாம் அதற்கு இணங்கினோம். அந்தத் தோழர்கள் அன்றைய கூலியையும் மறுநாள் கூலியையும் சேர்த்துப் பத்து ரூபாய்த் தாள்களாகவும் நூறு ரூபாய்த் தாள்களாகவும் கொண்டுவந்து நம் மேசைமேல் வைத்தார்கள். நாம் எண்ணிப் பார்த்து இரசீது எழுதினோம். பெயரை எழுதும் இடத்தில் எழுத்துக்கூட்டல் தெரியாமல் இருமுறை கேட்டோம்.

நாம் சட்டம் அறியாதவர் அல்லோம். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1181-ஆம் சட்டம், அடக்கச் சடங்கின் காணிக்கையில் ஆள்பார்த்து நடத்தல் கூடாது, ஏழைகளுக்குத் தகுந்த அடக்கம் மறுக்கப்படக் கூடாது என்கிறது. இன்னும் ஒன்று உண்டு. 102-ஆம் சட்டத்தின்படி ஒரு பங்கின் எல்லைக்குள் மூன்று மாதம் உண்மையாகவே தங்கிய ஒருவருக்கு அங்கு உறைவிட உரிமை உண்டாகிறது; 107-ஆம் சட்டத்தின்படி அதனாலேயே அப்பங்குத்தந்தை அவருக்குச் சொந்தப் பங்குத்தந்தை ஆகிறார். அவ்விளைஞர் ஏழு மாதம் இங்கு வாழ்ந்தவர். அவரை விருந்தாளி என்றோம். திருச்சபையின் சட்டத்தின்படியே அவர் நம் பங்கு மகன். எந்த விற்பனையாளரின் இனிய பேச்சும் இல்லாமல், திருமுழுக்கின் வழியாகவும் ஏழு மாதக் குடியிருப்பின் வழியாகவும் அவர் பெற்றிருந்த உரிமையை நாமே பட்டியலைப் பார்த்து இல்லை என்றோம்.

ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கின் 53-ஆம் அதிகாரத்தில், வருகின்ற விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்கச் சொல்கிறார். அதிலும் ஏழைகளிடமும் வழிப்போக்கரிடமும் தனிக் கவனம் கேட்கிறார். செல்வருக்கு மதிப்புத் தானே வந்து சேரும் என்பது அவர் காட்டும் காரணம். நம் திருவிழாவில் முன்வரிசை நாற்காலிகள் யாருக்குப் போடப்படுகின்றன என்பதை எண்ணிப் பார்த்தால், அம்முதியவரின் கூர்மை புரியும். திருத்தூதர் யாக்கோபும் தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பொன்மோதிரக்காரருக்கு நல்ல இருக்கையும் கந்தையணிந்தவருக்குத் தரையும் காட்டியவர்களைக் கடிந்துகொள்கிறார். ஓட்டலில் விலைக்கேற்ற வேற்றுமைக்கு இடமுண்டு, அங்கு விற்கப்படுவது பணி. கோவிலில் விற்கப்படுவது எதுவும் இல்லை. தலைக்கட்டு வரி பேணுதலுக்கான பங்களிப்பு. அது நுழைவுச்சீட்டு ஆகாது. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டால் நாம் கோவிலை ரிசார்ட்டாக்கி விடுகிறோம். அதுவும் நேர்மை குறைந்த ரிசார்ட்டாக. ஏனெனில் அங்கு ஒப்பந்தமாவது உண்டு.

கொடைக்கானலிலிருந்து திரும்பிய பின் கூடிய பங்குப் பேரவையில் ஆசிரியரே எழுந்தார். அடக்கத்திற்கு இனி உறுப்பினர், வெளியாள் என்ற வேறுபாடு வேண்டாம் என்று தீர்மானம் முன்மொழிந்தார். தம் காலை உணவுக் கதையை ஒளிக்காமல் சொன்னார், சிலர் சிரித்தனர். எதிர்த்தவரும் உண்டு. வரி கட்டுகிறவனுக்கு அப்படியானால் என்ன மதிப்பு என்று ஒருவர் கேட்டார். அக்கேள்வியைக் குறைத்து மதிப்பிட மாட்டோம். கைப்பணத்தைக் கொடுத்து ஒன்றைக் கட்டியவர்க்கு அதில் ஒரு பெருமிதம் இயல்பு. மூத்த மகனுக்குத் தந்தை சொன்ன விடையை அவருக்கு நினைவூட்டினோம்: தம்முடையவை எல்லாம் அவனுடையவையே என்றார் தந்தை. வீட்டில் இருப்பவரின் பேறு வீட்டில் இருப்பதே. வருபவருக்குக் குறைத்துக் கொடுப்பதனால் அது பெருகுவதில்லை. தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்தவர் இன்றும் நம்மோடு சற்றுக் குறைவாகவே பேசுகிறார்.

ஆசிரியர் அந்த ரிசார்ட்டுக்கும் ஒரு கடிதம் எழுதினார். விற்பனையின்போது சொல்லப்பட்டவற்றையும் ஒப்பந்தத்தில் உள்ளவற்றையும் இரு பத்திகளாக வகுத்து, தலைமையாசிரியருக்குரிய ஒழுங்கோடு எழுதியிருந்தார். இம்முறை அனுப்புமுன் நாம் ஒப்பந்தத்தை முழுவதும் வாசித்தோம். இலவச உணவு வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. வருகின்றவர்களுக்கு இனி உண்மையைச் சொல்லி விற்கும்படி கேட்டார். விடை இன்னும் வரவில்லை.

இரசீது எழுதி வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கத் தேடினோம். கட்டட வேலை முடிந்து தோழர்கள் வெவ்வேறு ஊர்களுக்குச் சென்றுவிட்டனர். இருவர் மட்டும் கிடைத்தனர். அவர்கள் தங்கள் பங்கைப் பெற்றுக்கொண்டார்கள். எதற்காகத் தருகிறீர்கள் என்று வியப்போடு கேட்டார்கள். மன்னிப்புக் கேட்டோம். எஞ்சிய தொகை ஓர் உறையில் நம் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அவ்விழுப்பறையைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அது கண்ணில் படுகிறது. அதை வேறிடத்தில் வைக்க நாம் விரும்பவில்லை.

இவ்வுலகில் நமக்குக் கிடைத்திருப்பதும் எண்ணப்பட்ட சில வாரங்களே. வீடு நம்முடையதன்று, வீட்டுக்காரர் நல்லவர். அவருடைய பந்தியில் அமரும்போது பக்கத்தில் இருப்பவர் எப்போது வந்தார், எவ்வளவு கொடுத்தார் என்று கேட்காதிருக்கும் அருளை நாம் மன்றாடுவோம்.